பூதக்கண்ணாடி துடைத்த தூசி

புகைப்படக் கழகத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. காதுபடவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். அவ்வளவு தடித்த தோல்.

பிழைப்புக்கு ஒரு பாட்டில் தொழிற்சாலை. வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறலோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் எடுத்துத் தொட்டியில் வீச வேண்டும். அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விடுமுறை நாளில் கழகத்துக்கு வந்து, மற்றவர்கள் படத்திலும் அதையே செய்தான். ஒருவர் தன் மகள் கடலைப் பார்த்து நிற்கும் படத்தை ஆசையாக நீட்டினால், மகளைப் பார்க்க மாட்டான், கடலைப் பார்க்க மாட்டான். வானத்தின் மூலையில் விரலை வைத்து, "சென்சார்ல தூசி" என்பான். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் தூசி ஒட்டினால், எடுக்கிற படத்திலெல்லாம் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவன் இத்தனை பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள முடியும் என்பதை அவனிடம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் இன்னும் மோசம். காற்றோட்டமான ஒரே அறையை வளைத்துப் போட்டு, ஜன்னலை அடைத்து, சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் அடித்து வைத்திருந்தான். நடுவில் மானிட்டர். அடிக்கடி அதன் முகத்தில் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டு, நிறம் சரியாகத் தெரிகிறதா என்று அளப்பான். அந்த அறைக்குள் சிவப்பு வரக்கூடாது, மஞ்சள் வரக்கூடாது, திரையில் அடிக்குமாம். மனைவி சிவப்பாக எதையாவது உடுத்திக்கொண்டு தேநீர் கொண்டுவந்தால், கடன் கேட்க வந்தவளைப் போல வாசலிலேயே நிறுத்தி வாங்கிக்கொள்வான்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு மாமியார் வாய்த்தாள். மாப்பிள்ளை என்றால் உயிரை விடுவாள். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், "மாப்பிள்ளை கேட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது" என்று ஒரு நாள் அவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரைபாடில் கேமரா. "ஆடாதீங்க அத்தை" என்றான். ஆடவேயில்லை, பாவம். மூச்சு விடக்கூடப் பயந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் வரிசையாக எடுத்துத் தள்ளினான்.

சில மாதத்தில் அவள் திடீரென்று போய்விட்டாள். அழுது ஓய்ந்த மனைவி முதலில் கேட்டது அந்தப் படத்தைத்தான். "அன்னிக்கு எடுத்தீங்களே, அதுல நல்லதா ஒண்ணு போட்டுக் கொடுங்க. அம்மா உக்காந்து எடுத்துக்கிட்டது அது மட்டுந்தான்."

பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்து மேசையில் வைத்தான். அன்று மனைவியின் தம்பி வந்திருந்தான். போனில் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் பூதக்கண்ணாடிக்கு ஆகாது. மச்சினனுக்குப் பூதக்கண்ணாடியைக் கண்டாலே ஆகாது.

மச்சினன் படத்தைக் கிட்டே பார்த்தான். தள்ளி நின்றும் பார்த்தான். "இது யாரு?"

"உங்கம்மா. அளந்து வெச்ச மானிட்டர்ல செஞ்ச படம், இப்படித்தான் இருக்கும். உன் போன்ல எல்லாருக்கும் மஞ்சக்காமாலை."

"நிறத்தைக் கேக்கல மாமா. மச்சம் எங்க?"

மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அக்காவும் தம்பியும் மடியில் கிடந்த காலத்தில் கிள்ளி விளையாடிய மச்சம் அது. படத்தில் அந்த முகம் அலம்பி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

பூதக்கண்ணாடிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல புள்ளி இருந்துச்சு. அப்படி இருந்தா அது தூசி. ஒண்ணுல துடைச்சு, மத்ததுக்கும் அப்படியே போட்டுட்டேன்."

"ஆடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி. "அவங்க ஆடல. அதான் ஒரே இடத்துல இருந்துச்சு."

"சென்சாரைப் பளிச்சுன்னு துடைச்சிட்டேன்னு அதுக்கு முந்தின நாள்தானே பீத்திக்கிட்டீங்க?" என்றான் மச்சினன். "அப்புறம் ஏது தூசி?"

"துடைச்சாலும் வந்து ஒட்டும். உனக்கு என்ன தெரியும்?"

"சரி, துடைக்காத படம் இருக்குமே?"

"அழிச்சுட்டேன். அழுக்குப் படத்தை நான் வெச்சுக்கறதில்ல." அதைப் பெருமையாகவே சொன்னான், படுபாவி.

முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் புள்ளியைத்தான் பார்த்தான்.

மனைவி வாய்விட்டு அழத் தொடங்கியதும் அவனுக்கு எரிச்சல் வந்தது. "எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? ரெண்டு நிமிஷ வேலை. திரும்ப வெச்சுக் கொடுத்துடறேன்."

சாம்பல் அறைக்குள் போய் உட்கார்ந்தான். இருவரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். மாமியாரின் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. கறுப்பைத் தேர்ந்துகொண்டான். அம்புக்குறி தாடைக்குப் போனது, நின்றது. கன்னத்துக்கு ஏறியது; நின்றது. துடைத்த தடத்தையாவது பிடித்துவிடலாம் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினான். வேலை அவ்வளவு சுத்தம், அவனுக்கே இடம் அகப்படவில்லை. இத்தனை வருஷம் அவள் பரிமாறிச் சாப்பிட்டவன். கடைசியில் திரும்பாமலே கேட்டான்.

"எந்தப் பக்கம்?"

மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா தடுத்தாள். "சொல்லாதடா. எனக்கும் அதே இடத்துலதான் இருக்கு. அவரே சொல்லட்டும்."

அவன் சட்டென்று திரும்பினான். அவள் அதற்குள் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தின் கீழ்ப்பாதியை மூடியிருந்தாள்.

"சொல்லுங்க."

"இடது..." என்று இழுத்தான். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "இல்ல, வலது" என்றான்.

அவள் கையை எடுத்தாள். மச்சம் இடது பக்கம் இருந்தது.

அந்தப் பிரிண்ட் கூடத்துக்குப் போகவில்லை. மச்சினன் போனில் எடுத்த படம், பேச்சின் நடுவில் கலங்கலாக, மஞ்சளாக அம்மா சிரிக்கிற படம், நல்ல சிவப்புச் சட்டத்தில் சாம்பல் அறையில் மாட்டப்பட்டது, மானிட்டருக்கு நேர் எதிரே. ஆணி அடித்தது மனைவிதான். திரையை அணைத்தாலும் போட்டாலும் அதில் அந்தச் சிவப்பு அடிக்கிறது. கழற்று என்று சொல்ல அவனுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.