அக்கரையில் நான் கட்டிய துண்டு

இருபத்தைந்து வயதில், நண்பர்கள் மூவரைச் சிரிக்க வைப்பதற்காக நான் செய்த ஒரு காரியத்தால் ஒரு பெண் பிரசவத்தில் இறந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதுவும் உண்மை.

அப்போது இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம், ஆறு கடலில் சேர்வதற்கு முன் அகன்று காயலாகிக் கிடக்கும் இடத்தில் ஒரு சிறு மண்திட்டு உண்டு. அந்தப் பக்கத்தில் அதைத் துருத்து என்பார்கள். இருபது வீடுகள்கூட இல்லை. தேங்காய் மட்டையை அழுகப் போட்டு, அடித்து, கயிறு திரித்துப் பிழைத்தார்கள். விடுமுறை கிடைத்தால் நான் அங்கே ஓடிவிடுவேன்.

அவர்களுடைய விசித்திரங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஓயாத கடற்காற்றில் பேசிப் பழகியதால், மடியில் இருக்கும் குழந்தையிடமும் கத்தித்தான் பேசுவார்கள். கோழிகள் யாருக்கும் சொந்தமில்லை. முட்டை எந்த வீட்டில் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு. விருந்தாளி பழமோ பலகாரமோ கொண்டுபோகக் கூடாது, ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புநீர்தான். நான் முதல் தடவை கொண்டுபோன குடத்தில் வள்ளக்காரரின், அதாவது தோணி ஓட்டுபவரின், மனைவி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

“எந்தக் கிணத்துத் தண்ணி சாரே?”

“பள்ளிக்கூடத்துக் கிணறு.”

“அதாக்கும்! ஒரே சாக்குக்கட்டி ருசி. குடிச்சா நாங்களும் எழுதப் படிச்சிருவோமோ?”

துருத்து முழுவதும் சிரித்தது. அன்று முதல் அவள் என்னைக் கண்டால் “படிச்ச தண்ணி வந்தாச்சு” என்பாள்.

அவர்களிடம் இருந்தது ஒரே வள்ளம். அக்கரையில் ஒரு பனங்கம்பம் நட்டிருந்தார்கள். அதில் வெள்ளைத்துணி பறந்தால், மழையானாலும் வெயிலானாலும் வள்ளக்காரர் கழையை ஊன்றி வந்துவிட வேண்டும். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். துணி பறந்துகொண்டிருக்கும்வரை வள்ளம் திரும்பக் கூடாது. முன்பு ஒரு காலத்தில், துணி கட்டியவனைக் காணவில்லையென்று வள்ளம் வெறுமனே திரும்பியதாம், மறுநாள் அவனுடைய பிணம் மிதந்ததாம். அதற்குப் பிறகு வந்த கட்டளை அது.

இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு நாள், நாகர்கோவில் நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு கலங்கிப் பெருகிக் கிடந்தது. வள்ளம் வருமென்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

“இந்த வெள்ளத்துலயா? ஓய், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லும்வே.”

“வருவாரு. பாரும்.”

என் தோள்துண்டைக் கம்பத்தில் கட்டிவிட்டு, வேடிக்கை பார்ப்பதற்காகத் தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அந்த யோசனை என்னுடையது.

வள்ளம் வந்தது. நீரோட்டம் இழுத்து வெகுதூரம் தள்ளி ஒதுக்கியதை அவர் கரையோரமாக இழுத்துக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். “யாரு? யாரு அது?” என்றார். நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர் சற்று நேரம் குந்தியிருந்தார். பிறகு கரையின் மேலும் கீழுமாக நடந்தார். பிறகு ஓடினார்.

“மக்கா! தண்ணியில விழுந்துட்டியா? ஒரு சத்தம் குடு மக்கா!”

கத்திக்கொண்டே அந்தக் கலங்கல் வெள்ளத்தில் குதித்து முங்கினார். எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். நண்பர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் பாதி எழுந்தேன். “இப்பப் போனா அடிச்சே கொன்னுருவான்வே” என்று ஒருவன் கையைப் பிடித்தான். நான் உட்கார்ந்தது அவன் பிடித்ததனால் அல்ல. மரியாதையோடு சாரே என்று அழைக்கும் ஒரு மனிதர், நான் இப்படிப்பட்டவன் என்று பார்த்துவிடுவாரே என்பதனால். தென்னந்தோப்பு வழியாகக் குனிந்துகொண்டே ரோட்டுக்கு வந்தோம். துண்டை அவிழ்க்கவில்லை. வழியில் ஒரு கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்ததும் நினைவிருக்கிறது.

நான்கு நாள் கழித்து, அந்தப் பக்கத்துக் கயிறு வியாபாரி ஒருவர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. வள்ளம் புறப்பட்ட சற்று நேரத்தில் வள்ளக்காரரின் மனைவிக்கு, நாள் இருக்கும்போதே, வலி கண்டிருக்கிறது. மருத்துவச்சி அக்கரையில். வள்ளமும் அக்கரையில். துண்டு பறந்துகொண்டிருந்ததால் அவர் பொழுது சாயும்வரை தேடியிருக்கிறார். மருத்துவச்சி போய்ச் சேர்ந்தபோது பெண்பிள்ளை பிறந்திருந்தது. தாய் பிழைக்கவில்லை.

“துண்டு கட்டினது மனுசன் இல்லியாம் சாரே,” என்றார் வியாபாரி. “இசக்கியம்மையாம். வள்ளத்த விளிச்சு நிறுத்திட்டு, அங்க போயி அவள எடுத்திருக்கா.”

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, ஆறுதல். இதை எழுதத்தான் இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

பதினோரு வருடம் அங்கே போகவில்லை. என் முப்பத்தாறாவது வயதில் ஒரு நாள், தேங்காய்ப்பட்டணத்துச் சந்தையில் துருத்துக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கள மறந்துட்டியளே சாரே!” ஊரே கேட்கும்படி கத்தினார். மறுக்க வழியில்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடம் தண்ணீரோடு போனேன். கம்பத்தில் இப்போது யாரும் துணி கட்டுவதில்லை. அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல் இருந்தது. தகரத்தைத் தட்டித்தான் வள்ளத்தை அழைக்க வேண்டும். அதே வள்ளக்காரர்தான் வந்தார், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து மகிழ்ந்தார்.

துருத்துப் பிள்ளைகள் எல்லாரும் வள்ளத்தில் ஏறிக் குதித்து விளையாடினார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் கால் நனையாத தூரத்தில் நின்றாள். தாயின் முகம். “நீயும் வா மக்கா” என்றேன்.

“அவள விளிக்காதீங்க சாரே!” என்று ஒரு பெண் பதறிக்கொண்டு வந்தாள். “அன்னைக்கு இசக்கி வந்தது தாய்க்கும் பிள்ளைக்குமாக்கும். தாயத்தான் கொண்டுபோனா. இவ தண்ணி கடந்தா, பாக்கிய எடுத்துருவா.”

பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை துருத்தை விட்டு இறங்கியதில்லை. மற்றவர்கள் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இவள் கரையில் நிற்பாள். முந்தின வருடம் காய்ச்சலில் கிடந்தபோதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. என் பக்கத்தில் வந்து அவள் கேட்டாள், “சாரே, அங்க உள்ள மண்ணும் இதே மண்ணு தானா?”

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டேன். “துண்டைக் கட்டினது இசக்கி இல்லை. நான். தாழைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இந்தப் பிள்ளைமேல் எந்தப் பாக்கியும் இல்லை,” என்றேன்.

முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சாரே, இந்த மனசு யாருக்கு வரும்? ஒரு பிள்ளைய விடுவிக்க, கொலப் பழிய எடுத்துத் தலையில வைக்கீரே!”

சத்தியம் செய்தேன். கடலைக் காட்டி, என் பிள்ளைகளைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “படிச்சவரு இல்லியா, பொய்யக்கூட எவ்வளவு அழகாச் சொல்லுதாரு!” என்றாள் இன்னொருத்தி. என்னை நல்லவனாக வைத்திருப்பதில் அவர்கள் அத்தனை உறுதியாக இருந்தார்கள்.

வள்ளக்காரர் மட்டும் போய் வள்ளத்தை அவிழ்த்தார். திரும்பும்போது நடுக்காயலில் கழையை ஊன்றி வள்ளத்தை நிறுத்தினார்.

“நான் விளிச்சது உமக்குக் கேட்டுதா?”

“கேட்டது.”

“முங்கித் தேடினது?”

“பார்த்தேன்.”

என்னைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். தள்ளியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன். அவர் கரைவரை கொண்டுவந்து விட்டார். பிள்ளையின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“இசக்கின்னா கெஞ்சலாம்,” என்றார். “பதினோரு வருசம் கெஞ்சினேன். உம்மகிட்ட என்னத்தக் கெஞ்ச? எங்கள விட்டுரும். உம்ம கண்ணு அவ மேல படவேண்டாம்.”

அந்த வாரமே பட்டப்பகலில் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார். பெண்கள் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றி அலறினார்களாம். அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாளாம். ஒன்றும் நடக்கவில்லை. வள்ளத்தைக் கம்பத்தடியில் கட்டிப்போட்டுவிட்டு, இருவரும் திருவட்டாறுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகக் கயிறு வியாபாரி சொன்னார்.

நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, பிள்ளையைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தேடிப்போய்ச் சேர்த்தார். பதினோரு வயதில், குழந்தைகளோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதினார். அடுத்த கடிதத்தில் அவள் நின்றுவிட்டதாக எழுதினார். யார் சொல்லித் தன் பிள்ளையைச் சேர்த்தார் என்று தகப்பனார் கேட்டிருக்கிறார். அந்த ஆசிரியர், நல்ல எண்ணத்தில், என்னைச் சொல்லியிருக்கிறார். அன்றே பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாராம். அவள் அழுதுகொண்டே போனாளாம்.

எங்கே போனார்கள் என்று நான் பிறகு விசாரிக்கவில்லை. வள்ளக்காரர் என்னிடம் கேட்டது, விட்டுரும் என்ற அந்த ஒன்றுதான். அதையும் காலம் கடந்தபிறகுதான் செய்தேன்.