ஜப்பான்காரர் கட்டிய வைக்கோல் கயிறு

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜப்பான் பொறியாளர் ஒருவர், டிசம்பர் கடைசியில் என்னிடம் கொஞ்சம் வைக்கோல் கேட்டார். எங்கள் வீட்டுப் போரிலிருந்து உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே அதைக் கயிறாகத் திரித்து, வெள்ளைத் தாளை மடித்து மடித்துத் தொங்கவிட்டு, தான் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ் வாசலில் கட்டினார். அவர்கள் ஊரில் புத்தாண்டுக்குக் கட்டுவார்களாம். கெட்டது உள்ளே வராதாம், நல்லது தேடி வருமாம்.

புத்தாண்டன்று காலையில் எங்கள் மேனேஜர் அதை அறுத்து எரிக்கச் சொல்லிவிட்டார்.

"செய்வினை மாதிரி இருக்கு. ஆளுங்க பயப்படுறாங்க" என்றார்.

பயந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. மேனேஜருடைய அறை வாசலிலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப இது என்னங்க சார்?"

"அது திருஷ்டிக்கும்மா, நம்ம வழக்கம். போயி வேலையப் பாரு."

பொறியாளரிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நேரே மேனேஜரிடம் போய், இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. பெரிய மனசு பண்ணுவதுபோலத் தலையாட்டினார். யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது! அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.