பள்ளி என்ற பாதிச் சொல்

சென்ற சனிக்கிழமை காலை, கிள்ளான் கடைத்தெருவில் துணிக்கடை காதர் பாய் என்னைக் கண்டதும் அலறினார்: "நடேசன் சார் பள்ளியில விழுந்துட்டாருங்க! ஓடுங்க, நான் டாக்டரைக் கூட்டியாறேன்!"

ஓடினேன். நானும் நடேசனும் ஆசிரியர்களாக வேலை பார்த்த ஹைஸ்கூலுக்கு ஓடினேன். வகுப்புகள் பூட்டிக் கிடந்தன. "சார் இன்னிக்கு வரவே இல்லையே," என்றார் காவல்காரர். அப்போதுதான் உறைத்தது. பாய் சொன்னது பள்ளிவாசலை! நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாள் மாலை என்னோடு கோப்பி குடித்த மனிதர் ஐயா அவர்! "திங்கக்கெழமை பாப்போம்லா" என்று சைக்கிளில் ஏறிப் போனவர். இன்னமும் நெஞ்சு நம்ப மறுக்கிறது.

அவரை அறிந்தவர்களே, இதே சொல் முன்பும் நம்மை ஏமாற்றியது நினைவிருக்கிறதா? ஆறு பெருகி ஊருக்குள் புகுந்த அன்று, எல்லோரும் பள்ளிக்கு வரட்டும் என்று நடேசன்தான் ஆள்விட்டுச் சொன்னார். மேட்டில் இருந்த ஒரே பெரிய கட்டடம் நம் ஹைஸ்கூல். ரயில்வே கூலிகள், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் மண்டபத்தில் நிறைந்தார்கள். தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை மேசை நாற்காலிகளைப் பற்றிக் கவலைப்பட்டார். "ஊரார் பணம் போட்டுக் கட்டிய மண்டபம், வெள்ளத்தில் அவர்கள் வேறெங்கே போவார்கள்?" என்று ஆங்கிலத்தில் வெடுக்கென்று கேட்டார் நடேசன்.

மத்தியானம்தான் தெரிந்தது, காதர் பாய் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் பேச்சில் பள்ளி என்றால் பள்ளிவாசல். அங்கே இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளோடு நின்றார்கள். நீச்சல் தெரியாத நடேசன், மலாய்க்காரர் ஒருவரின் சம்பான் படகில் ஏறிப் போய் அத்தனை பேரையும் கொண்டுவந்தார்.

"பள்ளின்னுதானே சார் சொல்லிவிட்டீங்க?" என்று பாய் சண்டைக்கு வந்தார்.

"ஆமா பாய், பாதியை முழுங்கிட்டேன். இனிமே முழுசா சொல்றேன்லா."

அன்றிலிருந்து யார் பள்ளி என்றாலும், "மீதியையும் சொல்லுங்க" என்பார். நாங்கள் கேலி செய்வோம். அதோடு, பள்ளிவாசலுக்கும் அடிக்கடி போவார். "பள்ளிக்கூடத்துக்கு வெள்ளம் வந்தா மட்டும்தான் வருவீங்களா? பிள்ளைங்களையும் அனுப்புங்க" என்று தகப்பன்மாரிடம் மன்றாடுவார். சனிக்கிழமை போனதும் அதற்குத்தான்.

"சரி சார், மகனைச் சேக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்படியே சாஞ்சுட்டாரு," என்று அழுதார் பாய்.

திங்கட்கிழமை மகனோடு வந்து என் முன்னால் நின்றார். "பள்ளிக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "பள்ளிக்கூடத்துக்குக் கூட்டியாந்திருக்கேன் சார்."

பாதிச் சொல்லை நம்பி ஓடி நண்பரை உயிரோடு பார்க்காமல் போனேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கும் வேலையில் அவர் விட்டுச்சென்ற மீதிப் பாதியை இனி நான் விடமாட்டேன்.