மூன்றாம் பாகத்தில் ஒரு லீவு

கேம் சென்டர் வைத்திருப்பவனுக்கு விளையாடத் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம்; கதை சொல்லத் தெரியாவிட்டால் தொலைந்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட நீங்களாவது இதை நம்புவீர்கள்.

மாமாவா, மச்சானா?

உத்திரமேரூரில் என் கடையில் அதிகம் ஓடுவது, திருட்டு அண்ணன், போலீஸ் தம்பி என்று ஏழு பாகம் வந்த ஒரு கேம். பேச்செல்லாம் இங்கிலீஷ். "இன்னா சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அரைகுறைதான். கடைக்காரன் தெரியாது என்று சொல்ல முடியுமா? திரையில் வரும் முகத்தைப் பார்த்து, இவர் மாமா, இவர் மச்சான் என்று நானே சொல்லிவிடுவேன். லோடு ஆட்டோ ஓட்டும் குமார் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஒண்ணாம் பாகத்துல நீ மாமான்னு சொன்ன ஆளு, இதுல எப்டிபா மச்சானா கீறாரு?"

லீவு

ஏழுமலை திருப்புலிவனத்துக்காரர், கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர். மாகறலில் இருக்கும் அவர் அண்ணன், மகள் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். அதிலிருந்து நான்கு வருஷமாகப் பேச்சில்லை.

மூன்றாம் பாகத்தின் முடிவில், பகையாகிப்போன அண்ணன் வீட்டு வாசலில் தம்பி போய் நிற்கிறான். அண்ணன் சொல்வது ஒரே வார்த்தை: "லீவ்." அத்தோடு திரை இருட்டிவிடும். "லீவு போட்டுட்டு வாடா, ரெண்டு நாள் வூட்ல இருந்துட்டுப் போன்னு கூப்புடறாரு" என்று தமிழ்ப்படுத்தினேன். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கி வேன்ல ஏறலபா. நானும் லீவு போட்டுக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்."

ஓட்டு

மறுநாள் கடையில், எந்தப் பாகத்தின் கதை சிறந்தது என்ற சண்டை முற்றிவிட்டது. குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர் அல்லவா, பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுப் போட்டோம். மூன்றாம் பாகம் ஜெயித்தது. காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் பிரியா மட்டும் ஐந்தாம் பாகத்துக்குப் போட்டவள். "அப்படி இன்னா கதை?" என்று அந்தக் கடைசிக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அண்ணா! லீவ்னா இங்க 'போயிடு'ன்னு அர்த்தம். தம்பியத் தொரத்தி வுடறான்!"

தீர்ப்பு

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேச்சை நம்பி ஒரு மனுஷன் அந்நேரம் மாகறலில் வாசலில் நின்றுகொண்டிருப்பாரே! அவமானப்பட்டுத் திரும்பினால் அந்த உறவு அத்தோடு போச்சு. போன் செய்தேன், எடுக்கவில்லை. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கண்ணனும் மொதல்ல போடான்னுதான் சொன்னாரு. நான் போவல, வாசல்லியே குந்திக்கினு இருந்தேன். சாயங்காலமா வந்து, சாப்ட்டியாடான்னு கேட்டாரு. கதை நல்ல கதைதாம்பா. அந்த கேம்காரன்தான் அவசரப்பட்டு முடிச்சிட்டான்."

இப்போதும் யாராவது மூன்றாம் பாகத்தை முடித்தால், தம்பி வாசலை விட்டு நகரவில்லை என்றுதான் தமிழ்ப்படுத்துகிறேன். பிரியா மட்டும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.