சாம்பிள் ஷூ போட்டுக்கிட்டு வேலூர் கோட்டை

ஷூ ஃபேக்டரியில மெர்ச்சண்டைசர் வேலைன்னா, வாங்க வர்றவங்களுக்கு சாம்பிள் காட்டறது பாதி, ஊரைக் காட்டறது மீதி. விருந்தாளியைக் கூட்டிக்கிட்டு வெயில்ல அலைஞ்சு, அவங்க முகம் கோணாம பார்த்துக்கிட்டவங்க யாராயிருந்தாலும் என் பாடு புரியும். உங்க விருந்தாளிக்குப் பிடிக்கலன்னா ஊருக்குப் போய் நாலு பேர்கிட்ட சொல்வாங்க, அவ்ளோதான். எங்க விருந்தாளிக்குப் பிடிக்கலன்னா ஃபேக்டரியில ஒரு தையல் லைனே நின்னுடும்.

கால்ல மாட்டிக்கிட்டாங்க

ரேவதி மேடம் சென்னையில ஒரு பெரிய செருப்புக் கடைக்கு சரக்கு எடுக்கறவங்க. அவங்களுக்காக கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் நாயா அலைஞ்சு ஒரு லேடீஸ் ஷூ செஞ்சு வெச்சிருந்தேன். நல்ல கடுகுப்பூ மஞ்சள். அந்த ஆர்டர் வந்தாத்தான் மூணாவது லைன் ஓடும், எங்க அண்ணி அந்த லைன்லதான் தைக்கறாங்க. காலையில டிபன் பாக்ஸைக் கையில குடுக்கும்போதே, "அந்தம்மாவ நல்லா கவனிச்சுக்கோடி"ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

மேடம் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நல்லாருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சட்டுன்னு அவங்க செருப்பைக் கழட்டிட்டு அதை மாட்டிக்கிட்டு எழுந்தாங்க. "எத்தனையோ தடவ ஆம்பூர் வந்துட்டேன், ஃபேக்டரியையும் பிரியாணியையும் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. வாங்க, இதைப் போட்டுக்கிட்டே வேலூர் கோட்டையைச் சுத்துவோம். கடிச்சா அங்கயே சொல்லிடறேன்."

இல்லாததுக்குப் பேர் போன ஊரு

கம்பெனி கார் ஓட்டற பாஷா பாய்க்கு வாய் ஜாஸ்தி. நாங்க அகழி ஓரமா நடந்தா அவரும் கூடவே வந்துட்டாரு. மேடம் கோட்டைச் சுவரைப் பார்த்தாங்க, நான் மேடம் காலைப் பார்த்தேன். நடுவுல ஒரு தடவ குனிஞ்சு குதிகாலைத் தடவினாங்க. ஷூ கடிக்குதோன்னு நானும் கூடவே குனிஞ்சு பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து பாய் ஆரம்பிச்சாரு. "எங்க ஊரப் பத்தி ஒரு சொலவடை இருக்குது மேடம். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்." இன்னா பாய் இது, பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட பொண்ணோட கொறைய அடுக்கற மாதிரின்னு கண்ணைக் காட்டினேன். மனுஷன் கண்டுக்கல. கோயிலுக்கு சாமி வந்து ரொம்ப வருஷம் ஆச்சு மேடம்னு நான்தான் சமாளிச்சேன். மேடம் சிரிச்சுட்டாங்க. "மூணுதானே பாக்கி? விடுங்க, எங்க சென்னையில இல்லாதத சொல்லணும்னா சாயந்திரம் ஆயிடும்."

காளையா, யானையா

கோட்டைக்குள்ள இருக்கற கோயில் வாசல்ல, செருப்பு டோக்கன் ஸ்டாண்டுல ஒரே கூட்டம். ஷூவை கார்ல வெச்சுடலாம் மேடம்னு கெஞ்சினேன். "எல்லாரும் விட்ட எடத்துல நானும் விடறேன்"னு சுவத்தோரமா கழட்டிட்டு விறுவிறுன்னு உள்ள போய்ட்டாங்க. என் ரப்பர் செருப்பையும் பக்கத்துலயே விட்டுட்டு ஓடினேன்.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. ஆனா அந்தக் கல்யாண மண்டபத்துக்குள்ள போனா எத்தனாவது தடவையா இருந்தாலும் உடம்பு சிலிர்க்குது. அங்க ஒரு சிற்பம், ரெண்டு உடம்புக்கும் பொதுவா ஒரே தலை. ஒரு பக்கத்தைக் கையால மறைச்சா காளை, இன்னொரு பக்கத்தை மறைச்சா யானை. மேடம் குழந்தை மாதிரி மாத்தி மாத்தி மறைச்சுப் பார்த்தாங்க. ஆர்டர், அண்ணி எல்லாம் எனக்கே மறந்துபோச்சு. மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "ஒரே தலையில ரெண்டு உருப்படி எடுத்திருக்கான் பாருங்க, அந்த சிற்பி. இந்த ஆளு உங்க கட்டிங் டேபிள்ல இருந்தா துண்டுத் தோல் கூட வேஸ்ட் ஆவாது."

சுவத்தோரம்

வெளிய வந்தா மஞ்சள் ஷூவைக் காணோம். என் ரப்பர் செருப்பை மட்டும் ஒருத்தரும் சீண்டல, வெச்சது வெச்ச மாதிரி கிடக்குது. பாய் சுத்திச் சுத்தித் தேடிட்டு வந்து, "கோயில்ல செருப்பு போனா சனி தொலஞ்சுதுன்னு எங்க பக்கத்து வீட்டுக்காரங்க சொல்வாங்க மேடம்"னு ஆறுதல் வேற. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். வீட்டுக்குப் போய் அண்ணி முகத்தை எப்படிப் பார்க்கறது?

என் செருப்பை மேடத்துக்குக் குடுத்துட்டு நான் சுடற தரையில கால் மாத்தி மாத்தி நின்னேன். மேடம் நகரல. சுவத்தோரம் கிடந்த ஒவ்வொரு ஜோடியையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. புதுசு இருந்துச்சு, கம்பெனி பேர் போட்டது இருந்துச்சு, விலை ஜாஸ்தியானதும் இருந்துச்சு. அப்புறம் என் தோள்ல கை வெச்சாங்க. "கால்ல நல்லாத்தான் இருந்துச்சு, இந்தக் கலர் விக்குமான்னுதான் காலைலேர்ந்து யோசன. இத்தனை ஜோடி கிடக்குது, திருடன் பார்த்துப் பொறுக்கி எடுத்து அதை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான். ஆர்டர் போட்டுடறேன், லைன ஓட்டுங்க."

அன்னிலேர்ந்து ஒரு ஷூ விக்குமா விக்காதான்னு எங்க ஆபீஸ் மீட்டிங்ல யார் என்ன பேசினாலும், அந்தத் திருடனை ஒரு வார்த்தை கேட்டா தேவலைன்னுதான் எனக்குத் தோணுது.