மஞ்சள் புள்ளி வைத்த படம்

அடுத்தவர் எடுத்த படத்தை வெட்டி ஒட்ட நீ யார் என்று என்னிடம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். டிக்கெட் எடுத்தேன், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், இடைவேளையில் ஓடிவிடாமல் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தேன். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? தவிர, ரிஜெக்ட் ஆன பீஸில் கை வைப்பதுதான் என் தொழில். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். தேறாத பீஸ் சிவப்புத் தொட்டிக்குப் போகும். அதில் தேற்ற முடிந்ததை எடுத்து, பிசிறு ராவி, நெளிவு நிமிர்த்தி, மறுபடி அளந்து அனுப்புவோம். அதற்கு ரீவொர்க் என்று பெயர். முதலில் அதைச் செய்தவரிடம் போய் யாரும் அனுமதி கேட்பதில்லை.

படம் எது என்று சொல்லப் போவதில்லை. விண்வெளிப் படம். தண்ணீர் இல்லாத ஒரு கிரகத்துக்குப் போன குழு திரும்பி வரவில்லை. அந்தக் குழுவில் இருந்த அக்காவைத் தேடித் தங்கை போகிறாள். இவ்வளவுதான் கதை, நல்ல கதை. அதைக் கெடுப்பதற்குத்தான் நிறைய உழைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி வந்து, நாம் கண்ணால் பார்ப்பதையெல்லாம் வாயால் விளக்கிக்கொண்டே இருப்பார். நாற்பதாவது நிமிடத்தில் ஹீரோ வந்ததும் தங்கையை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். உயிர் போகிற நேரத்தில் பனிமலையில் ஒரு டூயட். தண்ணீரே இல்லாத கிரகத்தில் பனி எங்கிருந்து வந்தது என்று அந்த விஞ்ஞானியும் விளக்கவில்லை. அந்தக் கிரகம் வேறெங்கும் இல்லை, எங்கள் பக்கத்துக் கிரானைட் குவாரிதான். பாறையில் வரிசையாகத் துளை போட்ட தடம்கூட அழியாமல் தெரிந்தது. தியேட்டரில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "குருபரப்பள்ளி தாண்டி லெஃப்ட்ல திரும்புனா வந்துரும்" என்றார். அன்று அதிகமாகக் கைதட்டல் வாங்கிய வசனம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் நேராகத் தியேட்டருக்குப் போயிருந்தோம். படம் விட்டு வெளியே வந்ததும் நான் திட்டத் தொடங்கினேன். அவர் சேர்ந்து திட்டவில்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டே, "எனக்குத்தான் ஒண்ணும் புரியல. இனிமேல் படத்துக்கு நீ மட்டும் போய்ட்டு வா" என்றார்.

அவர் எங்கள் கம்பெனியிலேயே பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். தகட்டை அடித்து வளைக்கிற பெரிய மிஷின். இருபது வருடம் அந்த இடியைக் கேட்ட காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டது. இந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. போன் வந்தால் என்னிடம் நீட்டுவார். பூசையில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் எழுவார், முழந்தாளிட்டால் முழந்தாளிடுவார். வருடா வருடம் கம்பெனியில் காது டெஸ்ட் நடக்கும். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். டெஸ்ட் எடுப்பவர் எதிரில் உட்கார்ந்து பட்டனை அழுத்துவார். அழுத்தும்போது அவர் தோள் லேசாக அசையும். என் வீட்டுக்காரர் அந்தத் தோளைப் பார்த்தே விரலைத் தூக்கி வருடா வருடம் பாஸாகிவிடுவார். காது போனது தெரிந்தால் பிரஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். அந்த மிஷின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னது வேறு. ஒரு மோசமான படத்தைப் பார்த்துவிட்டு, கோளாறு தன்னிடம் இருப்பதாக முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு அஞ்செட்டியில் அவருடைய சித்தப்பா பேரனுக்குக் காது குத்து வந்தது, போகவில்லை. நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடமென்றாலே வேலை இருக்கிறது என்று ஒதுங்கினார். மனுஷன் என் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் லைனில் ஒரு முறை உண்டு. பீஸ், அளவு பார்க்கிற கேஜுக்குள் போகவில்லை என்றால், கேஜ்தான் சரியில்லை என்று ஆபரேட்டர் கத்துவார். நாங்கள் அளவு தெரிந்த ஒரு நல்ல பீஸைப் போட்டுப் பார்ப்போம். அது போனால் கேஜ் சரி, ஆபரேட்டர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். இவருக்கும் ஒரு நல்ல பீஸைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கெட்டுப்போன அந்தப் படத்தையே நல்ல பீஸாக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

படம் ஓடிடியில் வந்தது. அதிலிருந்து எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள். கம்பெனியில் குவாலிட்டி போட்டிக்குப் படம் போட்டுக் காட்டுவதற்காக வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. வெட்டுவதற்கான சாப்ட்வேரை யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் கன்னடத்தில் பேசினார், பாதி புரிந்தது, பாதியைத் திரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இரண்டாவது ஷிப்ட் வருகிற வாரங்களில் அவர் காலை ஷிப்ட்டுக்குப் போனதும் சோற்றை வடித்துவிட்டு உட்காருவேன். முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தேன். அவர் பார்ப்பது போலவே முழுப் படத்தையும் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எந்தக் காட்சி தானாக நிற்கிறது, எது வாயை மட்டும் நம்பி நிற்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

விஞ்ஞானி முக்கால்வாசி போனார். டூயட் போனது, அதற்காக ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காமெடியன் மொத்தமாகப் போனார். ஹீரோவை முழுதாக எடுக்க முடியவில்லை, கப்பலை அவர்தான் ஓட்டுகிறார். அதனால் டிரைவராக மட்டும் வைத்துக்கொண்டேன். அக்காவும் தங்கையும் பிரிகிற காட்சி இடைவேளைக்குப் பிறகு நினைவாக வரும், அதைத் தூக்கி முதலில் வைத்தேன். மிச்சம் இருந்த பேச்சுக்கு நானே தமிழில் சின்னச் சின்ன வரியாக எழுத்துப் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. என் கை பட்ட ஒவ்வொரு காட்சியிலும் வலது மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன். ரீவொர்க் செய்த பீஸில் மஞ்சள் பெயிண்ட் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அடுத்து வாங்குபவருக்கு, இது ஒரு தடவை சரி செய்த பீஸ் என்று தெரிய வேண்டும். மறைத்து அனுப்பினால் அது திருட்டு. அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

அடுத்து வாங்குபவர் என் வீட்டுக்காரர் என்பதும், அந்தப் புள்ளிக்கு அர்த்தம் இந்த உலகத்தில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதும் டிவியில் போட்ட பிறகுதான் உறைத்தது. பத்து நிமிடம் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு மூலையை மட்டுமே பார்க்க ஆரம்பித்தார். ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"எங் காதுக்காக ரீவொர்க் பண்ணியா?"

படம் ரிஜெக்ட், அதனால் செய்தேன் என்று அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரிகிற மாதிரி சொன்னேன்.

"படம் ரிஜெக்ட்டா, நான் ரிஜெக்ட்டா?"

கேட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அழுதேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம்தான் ஏறியது. வேலை செய்ததற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரை வீட்டுக்கு அழைத்தேன். அளவில் சந்தேகம் வந்தால் எங்கள் டிபார்ட்மென்டில் அப்படித்தான். ஒரே பீஸை மூன்று பேரிடம் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அளக்கச் சொல்வோம்.

வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு ஓனரம்மா, கன்னடக்காரர். இரண்டாவது, என் லைனில் வேலை செய்கிற தூத்துக்குடிப் பெண். மூன்றாவது அவள் கணவர், அந்த ஹீரோவின் தீவிர ரசிகர். எங்கள் தலைவர் படத்தில் கை வைக்க நீங்கள் யார் என்று கேட்ட முதல் ஆளும் அவர்தான். மூன்று பேருக்கும் காது ஊசி விழுந்தால் கேட்கும். மூன்று பேரும் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, பேசிக்கொள்ளாமல் தியேட்டரில் பார்த்த கதையை எழுதுங்கள் என்றேன். வீட்டுக்காரர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல் உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடிப் பெண் எழுதியதில் அக்கா முதலிலேயே செத்துவிட்டாள். அவள் கணவர் எழுதியதில் அக்காவே இல்லை, பக்கம் முழுக்கத் தலைவர்தான் இருந்தார். ஓனரம்மா கன்னடத்தில் எழுதியிருந்தார், எனக்குப் படிக்க வராது. அத்திப்பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு வரும். தாளை அவரிடம் நீட்டினேன். வேறு வழியில்லாமல் வாங்கி, தமிழில் சத்தமாகச் சொன்னார். அதில் விஞ்ஞானிதான் அந்தப் பெண்களின் அப்பா. படித்துக்கொண்டே சிரித்துவிட்டார். மற்ற இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். நல்ல காது மூன்று, கதை மூன்று. அன்று அவருக்கு அது போதுமானதாக இருந்தது. போடு பார்க்கலாம் என்று அவரே டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

என் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். முடிந்ததும் மறுபடி தாள் கொடுத்தேன், அவருக்கும் சேர்த்து. நான்கு தாளிலும் ஒரே கதை. ரசிகர்கூட, தலைவர் கம்மியாக இருந்தாலும் இப்போதுதான் கெத்தாக இருக்கிறார் என்று ஒத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் டிவியை அணைக்கவில்லை.

"ஒரு நல்ல பீஸை ஸ்கிராப்புல போட்டுட்ட" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தியேட்டரில் பார்த்த முழுப் படத்தில் ஓர் இடம் வருமாம். தங்கை குவாரிக்குள் இறங்கி, பாறைமேல் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கு நினைவே இல்லை. தேடிப் பார்த்தேன், இருந்தது. அந்தக் காட்சி முழுக்க விஞ்ஞானி ரேடியோவில் காற்றழுத்தம் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். அவர் வாயை வெட்டிய கையோடு அவள் கையையும் வெட்டியிருந்தேன்.

"அவ கையால கேக்கறா" என்றார். "உள்ள இருந்து அக்கா திருப்பித் தட்றாளான்னு பாத்துக்கினு நிக்கறா. அத வெட்டிட்டா, அக்கா உயிரோட இருக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்?"

அந்த மூன்று நல்ல காதுகளும் இதை எழுதவில்லை. அத்தனை தடவை சத்தத்தை அணைத்துப் பார்த்த நானும் கவனிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் கேக்கறேன். மிஷின் மேல கைய வச்சுக்கினு. அடி சரியா விழுதான்னு கைதான் சொல்லுது. இடது காதுல ஒண்ணுமே இல்ல. வலதுல கொஞ்சம் இருக்குது. படமும் ரிஜெக்ட்தான், எங் காதும் ரிஜெக்ட்தான். ஒண்ண வச்சு இன்னொண்ண மறைக்காத."

அவர் காதில் பழுதில்லை என்று நிரூபிக்கத்தான் நான் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறேன். அதுவும் ஒருவகையில் மறைத்து அனுப்புவதுதான் என்பது அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. லேப்டாப்பைத் திறந்து அந்தக் காட்சியைத் திரும்பச் சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிக்க வேண்டும், அவள் கையை எடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அவர் சொன்னார். மஞ்சள் புள்ளியை அவரே வைத்தார். இப்போது அது நல்ல படம். யார் வந்து என்ன கேட்டாலும் சொல்வேன், எடுத்தவர்கள் எடுத்ததைவிட நல்ல படம்.

அடுத்த மாதம் கம்பெனியில் காது டெஸ்ட் வந்தது. அவர் முறை வந்தபோது நான் டீ பிரேக்கில் கதவோரம் நின்றிருந்தேன். ஹெட்போனை வாங்குவதற்கு முன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். எதற்கு என்று டெஸ்ட் எடுப்பவர் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தோள் அசைந்தது, மறுபடி அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரரின் விரல் இரண்டே இரண்டு தடவைதான் எழுந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பி, பேனாவை வைத்துக்கொண்டு தயங்கியவரிடம் சொன்னார்.

"இருக்கறத அப்படியே எழுதுங்க."