சாமிக்கு அடுத்தது பூனை

இன்று காலை எங்கள் பூனை கிண்ணத்தில் வாய் வைத்ததும் கழுத்தை நீட்டித் தரையோடு குனிந்து இருமியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் தின்றது. அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். எனக்கு எதற்கும் ஒரு நடைமுறை உண்டு. முதலில் இருமலைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். அவசரமாக விழுங்குவதைப் பார்த்து, கிண்ணத்தை மாற்றி அகலத் தட்டில் தீனியைப் பரப்பினேன். இருமல் அடங்கியது. அதற்காக விசாரணைக் கோப்பை மூடிவிடுவேனா?

பூனை இருமினால் எனக்குச் சாம்பிராணி மணக்கும். காரணம், ஜொகூர் மாநிலத்துச் சிற்றூரான ரெங்கம்.

கல்யாணமான புதிதில் அங்கே மாற்றலாகிப் போனோம். பகலெல்லாம் மனைவிக்குப் பேச்சுத்துணை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சாம்பல் பூனைதான். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவாள். புகை கலையுமுன் பூனைக்கு மீன்சோறு. அதன்பிறகு நான். இந்த வரிசைக்கு மேல்முறையீடு கிடையாது.

அந்தப் பூனை சாப்பாட்டு நேரத்தில் இருமத் தொடங்கியது. முள்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சோற்றுருண்டையை அதன் வாயில் திணித்தார். இருமுகிற வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அன்று யாருக்குத் தெரியும்? பூனை துப்பிவிட்டு இன்னும் பலமாக இருமியது.

"காசநோயா இருக்கும்லா. பாசார்ல மீன்கடப் பக்கமா விட்டுட்டு வந்துரு தங்கச்சி," என்றார் அக்கா.

மனைவி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் கூடையில் வைத்து, பஸ்ஸேறி, பக்கத்து நகரமான குளுவாங்கில் மிருக வைத்தியரிடம் போனோம். அவர் தொண்டையைப் பார்த்தார், முள் இல்லை. நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"அது சாப்பிடறப்ப வீட்டுல வேற என்ன நடக்கும்?"

மனைவி சாம்பிராணியைப் பற்றிப் பெருமையாகவே சொன்னாள்.

"பூனைக்கும் இழுப்பு வரும்மா. மருந்து தரேன். புகைய நிறுத்திடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள். "சாமி கோச்சுக்குமா?"

"சாமியும் இத்தன நாளா இருமல அடக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

அந்தப் பூனை நெடுநாள் எங்களோடு இருந்தது. தூபக்கால் எந்த மாற்றலில் தொலைந்ததோ தெரியவில்லை. இப்போது ஜொகூர் பாரு வீட்டில் சாமிக்கு பேட்டரி விளக்கு, புகையுமில்லை, மணமுமில்லை. பயப்பட வேண்டாம், நாளை கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் பதில் அனுப்பியிருக்கிறார். அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

"பூன சாப்பிட்டுச்சாங்க?"

வரிசை மாறிவிட்டது. சாமிகூட இப்போது இரண்டாவதுதான். என் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.